நோன்பில்லாத மாதத்து நோன்புக் கஞ்சி

மச்சான்,

இன்று காலை கடையைத் திறந்து பிளாஸ்டிக் வாளிகளை வெளியே அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து பாலாடை இருக்கிறதா என்று கேட்டாள். கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்தான். நம் பாத்திரக்கடையில் எவர்சில்வரில் இரண்டு அளவுகளில் எப்போதும் இருக்கும். ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்தபடி, "கொழந்தைக்கு எத்தினி மாசம்மா?" என்று கேட்டேன்.

"கொழந்தைக்கு இல்ல பாய், மாமியாருக்கு. நெனப்பு தப்பிப் போச்சி அவங்களுக்கு. கஞ்சிய வாயிலயே வெச்சிக்கினு இருக்காங்க, உள்ள எறக்க மாட்டேன்றாங்க. இதால ஊத்துனா எறங்கிடும்னு பக்கத்து வூட்ல சொன்னாங்க."

துடைத்த பாலாடையை நான் அவளிடம் கொடுக்கவில்லை. முதல் வியாபாரம், அதுவும் காலை நேரம், கேட்ட பொருளை இல்லை என்று சொல்லக் கூடாதுதான். ஆனாலும் அதை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "செத்த ஒக்காரும்மா" என்றேன். நெடுநேரம் பேசினேன். அவள் ஏற வேண்டிய பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. அவள் போன பிறகும் வேலை ஓடவில்லை. உன்னிடம் பேச வேண்டும் போல இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நீ சாப்பிடுகிற அழகை இந்தப் பாகூரில் என்னைவிட அதிகம் பார்த்தவன் இருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். நான் டப்பாவைத் திறப்பதற்குள் நீ சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போயிருப்பாய். பிறகு நீ கரும்பும் நெல்லும் வைத்தாய், நான் அப்பாவின் கடையில் உட்கார்ந்தேன். அப்போதும் மத்தியானமானால் கழனியிலிருந்து நேரே சேற்றுக் காலோடு கடைக்கு வந்து என் டிபன் கேரியரின் மேல்தட்டை நீயே திறந்துகொள்வாய். ரமலான் மாதத்தில் மட்டும் கொஞ்சம் ஒழுங்கு வரும். சாயங்காலம் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றும் நேரத்துக்குச் சரியாகத் தூக்குவாளியோடு வந்து நிற்பாய். "நோன்ப நீ புடி, கஞ்சிய நான் குடிக்கிறேன். பாதிப் பாதி" என்பாய். வருஷா வருஷம் இதே வார்த்தை, வருஷா வருஷம் அதே சிரிப்பு. எனக்கும் அலுத்ததில்லை.

உனக்கு மறதி வந்தபோது நாங்கள் பயந்தது வேறு எதற்கோதான். மோட்டாரைப் போட்டுவிட்டு எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தாய் ஒரு நாள். இன்னொரு நாள் சந்தைத்தோப்பில் நின்றுகொண்டு வீட்டுக்கு வழி கேட்டாய். டிமென்ஷியா என்று நரம்பு டாக்டர் சொன்னார். பிள்ளை இல்லாத வீடு. உன் மனைவி அஞ்சலை ஒருத்தி உன்னை எப்படிச் சமாளிக்கப் போகிறாள், நீ எங்காவது தொலைந்துபோனால் என்ன செய்வது என்பதுதான் எங்கள் பேச்சு. அஞ்சலை மட்டும் நிதானமாக இருந்தாள். "மறந்தா மறந்துட்டுப் போவட்டும்ணே. வவுத்துக்குக் கொறையில்லாம சாப்புடுறாரு, அது போதும்" என்றாள். தொண்டைக்கும் மறதி வரும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

சாப்பிடும்போது நீ இரும ஆரம்பித்தாய். நம் பக்கத்தில் புரையேறினால் அது நோய் கிடையாது, சேதி. யாரோ நினைக்கிறார்கள் என்று அர்த்தம். அஞ்சலை உன் உச்சந்தலையில் தட்டுவாள், ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் கொடுப்பாள், "நெட்டப்பாக்கத்து அக்காதான் நெனைக்கிது போல" என்பாள். என் வீட்டில் சாப்பிட்டபோதும் அப்படித்தான் நடந்தது. என் மனைவி நூர்ஜா உன் பழைய கூட்டாளிகள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். எந்தப் பெயரில் இருமல் நிற்கிறதோ அவர்தான் நினைத்தவர். நீயும் கண்ணில் நீர் வழியச் சிரித்தாய். தண்ணீர் குடிக்கக் குடிக்க இருமல் கூடியது. உன் மேல் எத்தனை பேருக்கு இத்தனை பாசம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அப்போதெல்லாம் சோறும் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக உன் நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருந்தன.

காய்ச்சல் வந்து மூச்சு இரைத்தபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நிமோனியா என்றார்கள். காய்ச்சல் இறங்கிற்று. ஆனால் வாய் வழியாக இனிமேல் எதுவும் கூடாது என்று மூக்கில் குழாய் வைத்தார்கள். நீ அதைப் பிடுங்கினாய். மறுபடி வைத்தார்கள், மறுபடி பிடுங்கினாய். கடைசியில் உன் இரண்டு மணிக்கட்டையும் கட்டுத்துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்கள். கட்டிய நர்ஸ் அம்மாவே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேற வழி இல்லைங்க. பக்கத்துலயே ஒக்காந்து பாத்துக்க இங்க ஆளு இல்ல" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் வந்ததும் நீ கட்டியிருந்த கையை ஆட்டிக் காட்டி, "அவுத்து வுடு பாய்" என்றாய். அந்த நாட்களில் நீ தாடி வைத்த எல்லாரையும் பாய் என்றுதான் கூப்பிட்டாய். வார்டுக்கு வந்த ஒரு டாக்டரைக் கூட அப்படிக் கூப்பிட்டிருக்கிறாய். அதனால் என்னைத் தெரிந்து சொன்னாயா என்று எனக்குத் தெரியாது. எப்படியானாலும் நான் அவிழ்க்கவில்லை. வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

குழாயோடுதான் உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். நீ அதைப் பிடுங்காமலிருக்கக் கையில் அஞ்சலை பழைய வேட்டியைக் கிழித்துப் பை மாதிரி தைத்து மாட்டிவிட்டாள். நரம்பு டாக்டரை மறுபடி பார்க்கப் போனபோது, காத்திருக்கும் இடத்தில் எங்கள் எதிரே உன் வயதில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பாண்டி டவுனில் சொந்த வீடு. உனக்கு வந்த அதே வியாதி. அவருடைய மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளரில் ஏதோ கெட்டியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். டம்ளரின் ஒரு பக்க விளிம்பு அரைவட்டமாக வெட்டப்பட்டிருந்தது. பாத்திரக்காரன் கண் சும்மா இருக்குமா? "இது இன்னா டம்ளரு சார், ஒடஞ்சதா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். வெட்டிய பக்கம் மூக்கு இடிக்காதாம். தலையைப் பின்னால் சாய்க்காமலே குடிக்கலாமாம். சாய்த்தால் புரையேறுமாம். "ஸ்பீச் தெரபிஸ்ட் மேடம் குடுத்தாங்க. வாரா வாரம் வீட்டுக்கே வராங்க. அப்பாவுக்கு எப்படி முழுங்கறதுன்னு பயிற்சி குடுக்கறாங்க. எங்களுக்கு எப்படி ஊட்டறதுன்னு சொல்லித் தராங்க."

"முழுங்கறதுக்குன்னே ஒரு ஆளு இருக்காங்களா?" என்றேன்.

"உங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்று கேட்டார். நல்ல மனிதர். அப்போதே அந்த அம்மாவுக்குப் போன் போட்டார். பாகூர் தாண்டி ஒரு கிராமம் என்றதும் அவ்வளவு தூரம் வருவதில்லை என்று பதில் வந்தது. அவ்வளவு தூரமாம்! நம் ஊர்க் காய்கறி வண்டி விடிவதற்குள் போய்த் திரும்புகிற தூரம். எனக்குக் கோபம் வந்தது மச்சான், மறைக்க மாட்டேன். அந்த அம்மா மேல் இல்லை, அந்த மகன் மேலும் இல்லை. அவருக்கும் உனக்கும் ஒரே வியாதி, ஒரே மாதிரித் தொண்டை. அவர் மூக்கில் குழாய் இல்லை, கையில் கட்டு இல்லை. ஒருவர் பிஸ்தா நிறத்தில் ஏதோ ருசித்துக்கொண்டிருக்கிறார், எதிரே நீ துணிப்பைக்குள் விரல்களை மடக்கி வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் நான் எழுந்து வெளியே போனேன்.

டவுனில் அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் அதே படிப்புப் படித்த பெண் ஒருத்தி இருப்பதாக அந்த மகன்தான் விசாரித்துச் சொன்னார். ஆட்டோ பேசிக்கொண்டு போனோம். தவளக்குப்பத்தில் வண்டிகள் மூச்சு முட்ட நின்றன. ஹாரன் சத்தத்தில் நீ மிரண்டு கத்தினாய், ஆட்டோக்காரன் சட்டையைப் பிடித்தாய், அப்புறம் களைத்து அஞ்சலையின் தோளில் தூங்கிவிட்டாய். அங்கே போய்ச் சேர்ந்தும் எழுந்திருக்கவில்லை. அந்த அறைக்கு வெளியே பேச்சு வராத குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அம்மாக்கள், பக்கவாதம் வந்தவர்கள், கூட்டமான கூட்டம். எல்லாருக்கும் அவள் ஒருத்திதான். எங்கள் முறை வந்தபோது உன்னை உலுக்கி எழுப்பப் போனேன். "எழுப்பாதீங்க. தூங்குறவங்களுக்கு ஊட்டக் கூடாது. அவரே முழிக்கட்டும், நான் இருக்கேன்" என்றாள்.

மத்தியானம் தாண்டி நீ கண் விழித்தாய். அவள் உன்னைவிடத் தாழ்வாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள், நீ குனிந்து அவளைப் பார்க்கிற மாதிரி. கரண்டி நுனியில் கொஞ்சமாக எடுத்து நாக்கில் வைத்தாள். இரண்டு விரலை உன் தொண்டை மேல் பூப்போல வைத்துக்கொண்டாள். "இங்க ஒரு முட்டு இருக்கு பாருங்க. முழுங்கினா அது மேல ஏறி எறங்கும். ஏறி எறங்குற வரைக்கும் அடுத்த வாய் கிடையாது. நடுவுல பேச்சுக் குடுக்கக் கூடாது, டிவி கூடாது. தண்ணியா எதுவும் வேணாம். தண்ணி வேகமா ஓடிடும், அவர் தொண்டை மூடறதுக்குள்ள தப்பான வழியில போயிடும்" என்றாள். அவள் சொல்லச் சொல்ல அஞ்சலையின் முகம் வாடியது. சொம்பு சொம்பாகக் கொடுத்த தண்ணீரெல்லாம் அவளுக்கு நினைவு வந்திருக்கும். அந்தப் பெண் அதைப் புரிந்துகொண்டு, "எல்லா வீட்லயும் தண்ணிதாம்மா குடுப்பாங்க. யாரும் சொல்லலன்னா எப்படித் தெரியும்?" என்றாள்.

எவ்வளவு கெட்டி என்று நான் கேட்டேன். கரண்டியைச் சாய்த்தால் சொட்டக் கூடாது, மெதுவாக வழுக்கி விழ வேண்டும் என்றாள். அதற்கென்று ஒரு மாவு டப்பா கடையில் கிடைக்கிறதாம். டவுன்காரர் டம்ளரில் இருந்தது அதுதான். அது நமக்குக் கட்டுப்படியாகாது என்று எங்களைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "வீட்ல இருக்கறதுலயே செய்யலாம்" என்றாள். சட்டென்று, "எங்க நோன்புக் கஞ்சி மாதிரியா?" என்றேன். அதில் என்னென்ன போடுவோம் என்று கேட்டாள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொத்துக்கறி என்று நான் ஒப்பித்தேன். அவளுக்கே நாக்கில் நீர் ஊறியிருக்க வேண்டும், காலையிலிருந்து அவளும் சாப்பிடவில்லை. "கறியும் பருப்பும் கஞ்சியில மெதந்தா ஆபத்து. எல்லாத்தையும் நல்லா மசிச்சி வடிகட்டிக் குடுங்க" என்றாள்.

குழாயை எடுக்கலாமா என்று அங்கிருந்த டாக்டரைக் கேட்டு, அவரையே அழைத்துவந்து பேச வைத்தாள். அவர் ஒளிக்காமல் சொன்னார். வாயால் கொடுத்தால் மறுபடி நிமோனியா வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். குழாய் இருந்தாலும் வராது என்று உறுதி இல்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அஞ்சலை யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "கைய அவுத்து வுட்டுருங்க சார். துன்ற வரைக்கும் வாயால துன்னட்டும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்." அன்றே குழாயை எடுத்தார்கள், அஞ்சலை உன் கைப்பைகளைக் கழற்றினாள்.

வாரா வாரம் வாருங்கள் என்றாள் அந்தப் பெண். நானும் அஞ்சலையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த ஆட்டோப் பயணத்தை நீ இன்னொரு முறை தாங்க மாட்டாய். சாப்பிடுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லித் தன் நம்பரைக் கொடுத்தாள். டவுன்காரருக்கு வாராவாரம் வீட்டுக்கு வந்தது உனக்கு ஒரே ஒரு மத்தியானம் கிடைத்தது மச்சான். அந்த ஒன்றை வைத்துத்தான் நீ அப்புறம் இருந்த நாளெல்லாம் சாப்பிட்டாய்.

ஐப்பசி மழையில் நூர்ஜா நோன்புக் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தாள். அக்கம்பக்கத்தில் வாசம் பிடித்து, "இன்னா பாய், ஒங்க வூட்ல மட்டும் ரமலான் பொற தெரிஞ்சிடுச்சா?" என்று கேலி செய்தார்கள். கறியை வேகவைத்துச் சாறு இறங்கியதும் எடுத்துவிட்டு, மத்தால் கடைந்து, மெல்லிய துணியில் வடிகட்டித் தூக்கில் ஊற்றித் தருவாள். மத்தியானம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் எடுத்து வருவேன். ஒரே மூச்சில் தின்றவன் நீ. இப்போது ஒரு கிண்ணத்துக்கு ஒரு மணி நேரம். எனக்குப் பொறுமை கிடையாது என்று உனக்குத் தெரியுமே. முதல் வாரம் கடைக் கவலையில் அவசரப்பட்டேன். உன் தொண்டை முட்டு என் அவசரத்துக்கெல்லாம் அசையவில்லை. பிறகு நான்தான் வழிக்கு வந்தேன்.

உன் அக்கா நெட்டப்பாக்கத்திலிருந்து வந்த நாளைச் சொல்ல வேண்டும். பையில் ஹார்லிக்ஸ் பாட்டில், முந்தானையில் முடிந்த பாலாடை. தன் பிள்ளைகளுக்கெல்லாம் அதில்தான் புகட்டினாளாம். ஹார்லிக்ஸைப் பாலில் கரைத்து உன் தலையைச் சாய்த்துப் பிடித்துவிட்டாள். அஞ்சலை ஓடி வந்து கையைப் பிடித்தாள். அக்காவுக்கு வந்ததே கோபம்! "எந்தம்பிக்கு ஒரு வாய் குடுக்க எனக்கு உரிம இல்லியாடி?" என்று குரலை உயர்த்தினாள். வந்தவர்கள் ஒரு வாய் ஊட்டிவிட்டுப் போவதுதானே நம் வழக்கம், அதைத் தடுத்தால் பகை. அஞ்சலை எதிர்த்துப் பேசவில்லை. ஸ்டூலைப் போட்டு அக்காவை உன் எதிரே உட்கார வைத்து, கையில் கரண்டியைக் கொடுத்து, அவள் விரலை எடுத்து உன் தொண்டையில் வைத்தாள். "நீயே குடு அக்கா. ஆனா இது ஏறி எறங்குற வரைக்கும் அடுத்த வாய் குடுக்காத." அக்கா முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தாள். ஆனால் காத்திருந்தாள்.

ரமலான் வந்தது. நான் நோன்போடு வந்து உனக்கு ஊட்டினேன். ஒரு நாள் பாதிக் கஞ்சியில் நீ வாயை மூடிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாய். கரண்டியை என் பக்கம் தள்ளி, "நீ துன்னு" என்றாய். "நோன்புடா" என்றேன். கொஞ்ச நேரம் எங்கேயோ தேடிவிட்டு, "பாதிப் பாதி" என்றாய். என் பெயர் உனக்குத் தெரியாமல் போய் வெகுநாள் ஆகியிருந்தது. அன்று நான் எப்படி அழாமல் மீதிக் கஞ்சியை ஊட்டினேன் என்று அல்லாவுக்குத்தான் தெரியும்.

காலையில் வந்த பெண்ணிடம் இதையெல்லாம்தான் சொன்னேன். என்ன செய்யக் கூடாது என்பதை என்னால் சொல்ல முடிந்தது. ஆனால் அவள் மாமியாரின் தொண்டையை நான் பார்த்ததில்லை, எனக்குப் படிப்பும் இல்லை. படித்தவர் ஒருவர் பார்க்க வேண்டும். உனக்குச் சொல்லித்தந்த பெண்ணுக்குப் போன் போட்டேன். அவள் மாற்றலாகிக் காரைக்கால் போய்விட்டாளாம். அந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லையாம். வீடியோ அனுப்பச் சொல்லுங்கள், பார்க்கிறேன் என்றாள். காரைக்காலில் இருந்துகொண்டு பாகூர் மாமியாரின் தொண்டையைப் பார்க்கப் போகிறாள். நல்ல மனசு. ஆனால் ஒருத்தியின் நல்ல மனசை நம்பியா இத்தனை ஊர் இருப்பது? நீ இருந்தால் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பாய். எனக்கு அது வராது.

கடைசியில் நீ வாயைத் திறப்பதை நிறுத்தினாய். கரண்டி உதட்டில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். வேண்டாம் என்கிறார், வற்புறுத்தாதீர்கள், உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டே இருங்கள் என்று ஆஸ்பத்திரிப் பெண் போனில் சொல்லியிருந்தாள். மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் சொந்தக்காரர்கள் கூடினார்கள். ஆளாளுக்குப் பால் ஊற்ற வேண்டும் என்றாள் உன் அக்கா. அஞ்சலை அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கிண்ணத்தில் இருந்தது கெட்டிப் பால். அரிசி மாவு போட்டுக் காய்ச்சியிருந்தாள்.

"பால் கேட்டா இன்னாடி கூழக் காச்சிக்கினு வர?" என்றார் ஒரு பெரியவர். "போற உசுருக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு?"

"இத்தினி நாளும் பொரையேறாம பாத்துக்கினேன் மாமா" என்றாள் அஞ்சலை. "கடைசில இருமிக்கினு போவ வுட மாட்டேன்."

உன் அக்காதான் முதலில் ஸ்டூலை இழுத்து உன் எதிரே போட்டு உட்கார்ந்தாள். கரண்டி நுனியால் உதட்டில் தடவினாள், விரலைத் தொண்டையில் வைத்துக் காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற எல்லாரும் அப்படியே செய்தார்கள். சிலருக்கு நீ விழுங்கினாய். பலருக்கு உதட்டோடு நின்றது, துடைத்துவிட்டார்கள். நான் வாசற்படியில் நின்றேன். இது உங்கள் வீட்டுச் சடங்கு, நான் ஏன் நடுவில் என்றுதான். உன் அக்கா திரும்பிப் பார்த்து, "பாய், நீ குடுக்காம இன்னா? வா" என்றாள்.

உட்கார்ந்தேன். பாலைத் தொட்டு உன் நாக்கு நுனியில் வைத்தேன். விரல் இரண்டையும் தொண்டையில் வைத்தேன். அசைவில்லை. அறையில் பத்துப் பதினைந்து பேர் என் விரலையே பார்த்தபடி நின்றார்கள். நான் அவசரப்படவில்லை மச்சான். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நான் பார்க்கவும் இல்லை. பிறகு என் விரலுக்கு அடியில் அது மெல்ல ஏறியது. நின்றது. இறங்கியது. நீ இருமவில்லை.